பாதியில் நின்ற செருவு

நேற்றைய மழையில் உன் பச்சை நாற்காலியை உள்ளே எடுத்து வைக்க மறந்துவிட்டேன். பள்ளியிலிருந்து வந்து பால்கனிக் கதவைத் திறந்தபோது, அதன் கால்களில் காய்ந்து ஒட்டியிருந்த ஏரிச் சேறு இளகித் தரையில் சின்னச் சின்ன வட்டங்களாக வழிந்திருந்தது. வாடை வீட்டுக்குள் வந்தது. அழுகிய சம்புக்கோரைத் தண்டு, பாசி, கொஞ்சம் மீன், கொஞ்சம் துரு. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் துப்பட்டாவில் இருக்கும் வாடை. அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மேலே வந்தவர், ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"செருவு வாடல்லா அடிக்கு" என்றார்.

"ஆமாப்பா. நாற்காலி நனைஞ்சிருச்சு."

"சரி" என்றார். பிறகு ஷூவைக் கழற்றினார்.

நாங்கள் இரண்டு பேரும் இப்போது இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். கேஸ் வந்ததா, வந்தது. சண்டை இல்லை. அழுகையும் இல்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அழுதுடு பேட்டா, உள்ளேயே வச்சுக்காதே" என்கிறார். உள்ளே ஏதாவது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நன்றாகப் படித்துவிட்டுப் போயும் கேள்வித்தாளைக் கையில் வாங்கியவுடன் தலைக்குள் எல்லாம் வெள்ளையாகிவிடுமே, அந்த மாதிரி இருக்கிறது. கேள்விகளைப் படிக்க முடிகிறது. பதில் எழுதத்தான் எதுவும் வரவில்லை.

அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன், அம்மா. நீயும் அதைத்தான் கேட்பாய். பள்ளியில் யாரோடாவது மனஸ்தாபம் என்று நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தால், "கதை வேண்டாம்ட்டி, நடந்தத மட்டும் சொல்லு" என்பாய். நான் ஹிந்தியில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பேன். "தமிழ்ல பதில் சொன்னா வாய் சுளுக்கிருமோ?" என்று அதற்கும் ஒன்று வரும். நீ பிடித்து உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்ததால் எனக்குத் தமிழ் படிக்க வரும், எழுத வரும், பேசத்தான் கூச்சம். இந்த மடலில் ஒரு வரிகூட நான் தப்பித்து ஹிந்திக்குப் போகப்போவதில்லை.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

ராமச்சந்திராபுரத்தில் டவுன்ஷிப்பைத் தாண்டி, நம் காலனியின் கடைசி அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது ஏரி. இங்கே எல்லோருக்கும் அது செருவு. பாளையங்கோட்டையில் குளம் குளம் என்று சொல்லி வளர்ந்த நீயும் செருவு என்றே சொல்லப் பழகியிருந்தாய். நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்த கோடையில், எங்கோ இடித்த கட்டடங்களின் கல்லையும் சிமெண்டையும் டிப்பர் லாரிகள் கொண்டுவந்து அதன் கரையில் கொட்ட ஆரம்பித்தன. ஒவ்வொரு வாரமும் தண்ணீர் கொஞ்சம் பின்னால் போனது. காலனிக்காரர்கள் மனு எழுதினார்கள். லாரிகள் எப்போது வருகின்றன என்று நீயும் கீழ்வீட்டு ஷாஹீன் ஆன்ட்டியும்தான் கவனித்தீர்கள். கம்பெனி பஸ் கிளம்பிப் போனதும் வரும். காலனியில் அப்போது வேலைக்குப் போகாத பெண்களும் வயதானவர்களும் மட்டுமே இருப்பார்கள்.

நீ கம்பெனியில் உன் டிராயிங் செக்‌ஷனுக்கு லீவு சொன்னாய். பால்கனியிலிருந்து இந்த நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினாய். ஷாஹீன் ஆன்ட்டி தன் தையல் மிஷினுக்கு முன்னால் கிடக்கும் சிவப்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். கரைக்குப் போகும் மண்பாதையின் நடுவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தீர்கள். லாரி வந்து நின்றது. ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி வந்து, வழியில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்று கத்தினார்.

"ஹவா கானே பைட்டே. கைக்கு பூச்ரே?" என்றார் ஷாஹீன் ஆன்ட்டி. காற்று வாங்க உட்கார்ந்திருக்கிறோம், நீ எதற்குக் கேட்கிறாய்.

நீ பீன்ஸின் நாரை உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "பெரிய லாரிய வச்சிக்கிட்டு சின்னப் புள்ள மாதிரி ஹாரன் அடிக்கான் பாரு" என்று தமிழில் சொன்னாய். டிரைவருக்குப் புரியவில்லை. ஆனால் திட்டு என்பது புரிந்தது.

அப்படித்தான் நாற்காலி டூட்டி தொடங்கியது. யாரும் கோஷம் போடவில்லை. பேனர் இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு நாற்காலி, முறை வைத்து ஒரு மணி நேரம், பிளாஸ்கில் சாய். காலனி சங்கத்தின் செக்ரட்டரி அங்கிள்கூட ரிட்டயர் ஆன மறுநாளே பேப்பரோடு வந்து உட்கார்ந்தார். உன் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, அதன் கையை உடைத்தார். நீ அதைக் கம்பி வைத்து முறுக்கிக் கட்டிவிட்டு, "லாரிக்காரன் பண்ண முடியாதத நம்ம செக்ரட்டரி சார் பண்ணிட்டாரு" என்றாய். தெலுங்கில் சொன்னாய், அவருக்குக் கேட்கும்படியே சொன்னாய். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். மழைக்காலம் வருவதற்குள் லாரிகள் நின்றுவிட்டன. பாதையின் நடுவில் இரும்புக் கம்பம் நட்டுப் பூட்டுப் போட்டார்கள்.

நான் உன் டூட்டி நேரத்தில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். பின்னால் சம்புக்குள் சரசரவென்று சத்தம் கேட்கும். நான் சட்டென்று திரும்புவேன். எதுவும் இருக்காது.

"சத்தம் கேட்டா உடனே திரும்பாதட்டி" என்றாய் ஒருநாள். "நீ திரும்பினா அது உள்ள போயிரும். சும்மா இரு. தானா வரும்."

வந்தது. நீல உடம்பு, சிவப்பு மூக்கு, சிவப்பு நெட்டைக் கால். ஒரு தண்டை ஒடித்துக் காலால் பிடித்துக்கொண்டு, குச்சி ஐஸைக் கடிப்பதுபோல் கடித்தது. நான் மறுநாள் பள்ளி நூலகத்துப் படப் புத்தகத்தில் தேடி, அதற்கு நீலத் தாழைக்கோழி என்று பெயர் இருப்பதைக் கண்டுபிடித்து உன்னிடம் சொன்னேன். "அவ்வளவு நீளமால்லாம் கூப்பிட முடியாது, நீலக்கோழி போதும்" என்றாய்.

அடுத்த வருஷம் நடந்ததை எழுதும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று சரியாக நினைவுக்கு வரவில்லை. கைகள்தான் நினைவில் இருக்கின்றன.

லாரிகளை நிறுத்தியதில் எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்திருந்தது. இனி செருவைச் சுத்தம் செய்வோம் என்று தீர்மானித்தீர்கள். கரையிலிருந்து நடு ஏரி வரை சம்பு மண்டியிருந்தது. கொசு வருகிறது, பாம்பு வருகிறது, தண்ணீரே கண்ணுக்குத் தெரிவதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முழங்கால் சேற்றில் இறங்கினீர்கள். தண்டைத் தண்ணீருக்குக் கீழே கையை விட்டு அறுக்க வேண்டும், அப்போதுதான் மறுபடி தழைக்காமல் மூழ்கி அழுகும் என்பதைக்கூட எங்கிருந்தோ படித்துவிட்டு வந்து நீதான் எல்லோருக்கும் சொன்னாய். அறுத்ததைக் கயிறு கட்டி இழுத்துக் கரையில் குவிப்பீர்கள். குவியலை அள்ள ஒரு ஜேசிபி வரும். அதை ஓட்டுபவர் பெயர் யாதகிரி. கரையிலிருந்து பார்க்க அழகாக இருந்தது. முதல் தடவையாகச் செருவில் வானம் தெரிந்தது. அங்கிள்கள் போட்டோ எடுத்து எல்லா குரூப்பிலும் போட்டார்கள்.

ஜூலை மாதத்து ஞாயிறு. சரியாகப் பாதிச் செருவு சுத்தமாகியிருந்தது. எல்லோரும் கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அறுத்துப் போட்ட குவியலின் மேல் ஒரு நீலக்கோழி வந்து நின்றது. யாரோ கையை வீசி விரட்டினார்கள். அது இரண்டடி தள்ளி நின்றது, பறக்கவில்லை. கத்தியது. நாம் கேட்டுப் பழகிய கத்தல் இல்லை. ஜேசிபி குவியலை நோக்கி வந்தது. அப்போதும் நகரவில்லை.

நீ இட்லித் தட்டைக் கீழே வைத்தாய். குவியலுக்குப் போய்த் தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாய். உள்ளே, மடித்து மடித்துப் பின்னிய சம்பு இலைகளில் ஒரு மெத்தை இருந்தது. பழுப்பு நிறத்தில் செம்புள்ளி போட்ட முட்டைகள். சில உடைந்திருந்தன. ஒன்றில் குஞ்சு முழுதாக உருவாகியிருந்தது. நீ அதை உள்ளங்கையில் வைத்திருந்தாய். உன் விரல் நகங்களுக்குள் சேறு இருந்தது.

"என்னட்டி செஞ்சிட்டோம்" என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு எழுந்து போய் ஜேசிபிக்கு முன்னால் நின்று கையைக் காட்டினாய். யாதகிரி இன்ஜினை அணைத்தார். செக்ரட்டரி அங்கிள் ஓடி வந்தார். இன்னும் பாதிதானே மேடம், இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், இரண்டு வாரத்தில் முழுதும் முடிந்துவிடுமே என்றார். நீ முடியாது என்றாய். அன்று மாலை அபார்ட்மென்ட்டுக்குக் கீழே, கார்கள் நிற்கும் செல்லாரில் கூட்டம் நடந்தது. நீ எழுந்து நின்று சொன்னதை நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். குப்பை என்று நினைத்துப் பெருக்கினோம், அது அவர்கள் குடியிருந்த வீடு, உள்ளே ஆள் இருக்கும்போதே பெருக்கிவிட்டோம், மீதிப் பாதியை யாரும் தொட வேண்டாம் என்றாய். எல்லோரும் தலையாட்டினார்கள். செக்ரட்டரி அங்கிள்தான் முதலில் தலையாட்டினார்.

அப்புறம் எத்தனை கேலி. என் பஸ்ஸில் வரும் பையன்கள், "உங்க செருவு பாதி ஷேவிங்ல எழுந்து ஓடின ஆள் மாதிரி இருக்கு" என்றார்கள். நான் அதைச் சொன்னதும் நீ சிரித்துவிட்டாய். "சரியாத்தாம்ட்டி சொல்லுதானுவ" என்றாய். வாக்கிங் போகிறவர்கள் உனக்கு ஆதா மேடம் என்று பெயர் வைத்தார்கள், பாதி மேடம். நீ ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அறுக்காத பாதிக்கு எதிரில் தனியாக உட்கார்ந்திருப்பாய். டூட்டி எதுவும் இல்லாத காலத்திலும் போனாய். குளிர்காலம் வருவதற்குள் அந்தப் பாதிக்குள்ளிருந்து குஞ்சுகள் கறுப்புப் பஞ்சு உருண்டைகளாக வெளியே வந்தன. அன்றைக்குப் பாயசம் வைத்தாய். அப்பா எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான், சேமியா இருந்துச்சு" என்றாய்.

ஜனவரியில் சங்கராந்திக்கு முந்தின வாரம் உனக்கு ஆபீஸில் தலை சுற்றியது. நீ கம்பெனி பஸ்ஸில் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் தரை ஓடுகள் பழுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு இடத்தில் இரண்டு பழுப்பு அடுத்தடுத்து வந்துவிட்டது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் அப்பாவிடம் பேசியபோது நான் அந்த இரண்டு ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது வானம் முழுக்கப் பட்டங்கள். நீ வருஷா வருஷம் பண்டிகை முடிந்ததும் செருவோர மரங்களில் சிக்கிய மாஞ்சா நூலைக் கழியால் சுற்றி எடுப்பாய். கொக்குகளின் சிறகில் மாட்டும் என்று. இந்த வருஷம் யார் எடுத்தார்கள் என்று தெரியாது. நம் வீட்டில் அப்போது ஊரிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

இனி உனக்குத் தெரியாதது.

ஜூன் கடைசியில், முதல் மழை வந்த பிறகு, செக்ரட்டரி அங்கிள் வீட்டுக்கு வந்தார். பால்கனியில் போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பி கட்டிய கையில் தன் கையை வைக்காமல் கவனமாக உட்கார்ந்தார். அவர் தெலுங்கில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன், உனக்கு இரண்டும் ஒன்றுதான். உன் பிறந்தநாள் ஜூலையில் ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்றார். காலனி முழுக்கச் சேர்ந்து உனக்காக ஒன்று செய்ய முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். "மேடம் பாதியில் விட்டுப்போன வேலையை நாங்கள் முடித்துக் கொடுக்கப்போகிறோம். மீதிச் சம்பு முழுவதும் ஒரே நாளில். ஜேசிபி சொல்லியாகிவிட்டது." சொல்லும்போது அவர் அழுதார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடையில் வைக்க உன் போட்டோ ஒன்று வேண்டும் என்றார்.

அப்பா உள்ளே போய்ப் போட்டோவை எடுத்து வந்து கொடுத்தார்.

அவர் போன பிறகு நான், "அப்பா, அம்மா அத வேண்டாம்னு நிறுத்தினா" என்றேன். தமிழில்தான் சொன்னேன்.

"தெரியும்ளா."

"இப்போ உள்ளே முட்டை இருக்கும்ப்பா. அதே மாசம்."

"அவங்க ஆசையா செய்யுதாங்க" என்றார் அப்பா. "நாலு பேரு இன்னைக்கும் அவ பேரச் சொல்லுதாங்க. நான் போயி வேண்டாம்னு சொன்னா அதுவும் நின்னு போயிரும்லா."

கோபம் வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. கெட்டவர்கள் யாராவது செய்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இவர்கள் எல்லோருக்கும் உன்னைப் பிடிக்கும். நீ சொன்னது மட்டும் மறந்துபோயிருந்தது. ஏதோ களைத்துப்போய்ப் பாதியில் விட்டுவிட்டாய் என்றுதான் எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது. பறவைகளின் வீட்டை உன் பெயரைச் சொல்லியே பெருக்கப்போகிறார்கள், நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதுதான் நீ விரும்பியது என்று ஆகிவிடும். இதை மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்துகொள்ள முடிந்தது.

அடுத்த கூட்டத்தில், செல்லாரில், அம்மாவைப் பற்றி ஏதாவது பேசு பேட்டா என்று மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். நான் தெலுங்கில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். குவியலில் இருந்த கூட்டைப் பற்றிச் சொன்னேன். நீ அன்று மாலை இதே இடத்தில் நின்று சொன்னதை அப்படியே சொன்னேன். குரல் நடுங்கவில்லை. முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எத்தனை அழகாகப் பேசுகிறாள் என்றார்கள். அப்படியே அம்மா மாதிரி என்றார்கள். பிறகு ஒரு அங்கிள், முட்டை இருந்தால் எடுத்து ஜூவில் கொடுத்துவிடலாம் என்றார். இன்னொருவர், ஜேசிபியை மெதுவாக ஓட்டச் சொல்வோம் என்றார். பறவைகளுக்கு மரக்கூடு ஆன்லைனில் கிடைக்கிறது என்று ஒரு ஆன்ட்டி போனில் எடுத்துக் காட்டினார். ஜன்னல் வைத்து, கூரை வைத்து, சின்ன வீடு மாதிரி இருந்தது. செக்ரட்டரி அங்கிள் என் தலையில் கை வைத்து, "எல்லாம் கவனமாகச் செய்வோம் அம்மா" என்றார். பிறகு அன்று காலை டிபனுக்கு என்ன சொல்வது என்று பேச ஆரம்பித்தார்கள்.

படிக்கட்டில் ஷாஹீன் ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். அவர் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. "பாத் நக்கோ. பாத் ஹோ கயி" என்றார். பேச்சு வேண்டாம், பேச்சு முடிந்தது. "தேரி அம்மி கி குர்சி ஹை நா?"

உன் அம்மாவின் நாற்காலி இருக்கிறதல்லவா என்று கேட்கிறார். "ஹவ்" என்றேன், ஆமாம் என்று.

உன் பிறந்தநாள் அன்று காலை அவர் வந்து பெல் அடித்தபோது நான் தயாராக இருந்தேன். அப்பா அறைக்கதவு மூடியிருந்தது. நாற்காலியை உன்னைப் போலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கப் பார்த்தேன், லிஃப்ட் கதவில் இடித்தது. கையில் எடுத்துக்கொண்டேன். பாதையில் இரும்புக் கம்பத்தின் பூட்டை ஜேசிபிக்காகத் திறந்து, கம்பத்தைப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில். ஆன்ட்டி மடியில் கொத்தவரங்காய்த் தட்டு. எனக்கும் ஒரு பிடி கொடுத்து நார் எடுக்கச் சொன்னார். மழை தூறலாக விழுந்து நின்றது. நாற்காலிக் கால்கள் மெல்லச் சேற்றில் இறங்கின.

முதலில் ஜேசிபி வந்தது. அதே யாதகிரி. எங்களைப் பார்த்துத் தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். நான் மேடத்தின் மகளா என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஈ ரோஜு கூடா ஆபாலா?" என்றார். இன்றைக்கும் நிறுத்த வேண்டுமா.

"அவுனு" என்றேன். ஆமாம். அவர் பிளாஸ்கைப் பார்த்தார். ஷாஹீன் ஆன்ட்டி சாய் ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு காலனிக்காரர்கள் வந்தார்கள். முன்னால் இரண்டு பேர் பெரிய பிளெக்ஸைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் நீ கம்பெனி தொப்பி போட்டுச் சிரிக்கிறாய். கீழே தெலுங்கில், மேடத்தின் கனவு நிறைவேறியது என்று எழுதியிருந்தது. நாற்காலிகளைப் பார்த்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். செக்ரட்டரி அங்கிளின் முகம் சுருங்கியது. அவர் கோபப்படவில்லை. அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இது உன் அம்மாவுக்காகத்தானே அம்மா. எங்களைச் செய்ய விடமாட்டாயா?"

மனப்பாடம் செய்தது எதுவும் என்னிடம் இல்லை. நாற்காலியின் கையைப் பார்த்தேன். "இந்தக் கம்பி நீங்க உடைச்சதுக்கு அம்மா கட்டினது அங்கிள்" என்றேன். "நீங்களும் இங்கதான் உட்கார்ந்திருந்தீங்க. பேப்பர் படிச்சிட்டு."

அவர் கம்பியைப் பார்த்தார். நீலக்கோழி ஒன்று வெளியே வந்து நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புத்தகங்களில் என்றால் வந்திருக்கும். எதுவும் வரவில்லை. சம்பு மட்டும் காற்றில் ஆடியது. பின்னால் யாரோ, குழந்தையை வைத்துக்கொண்டு இது என்ன வேலை என்று ஷாஹீன் ஆன்ட்டியைப் பார்த்து முணுமுணுத்தார். ஆன்ட்டி கொத்தவரங்காயை ஒடித்துக்கொண்டே இருந்தார்.

அப்போது அப்பா வந்தார். நம் சாப்பாட்டு மேசை நாற்காலியை, அந்தக் கனமான தேக்கு நாற்காலியை, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தார். வீட்டில் வேறு பிளாஸ்டிக் நாற்காலி இல்லை. மூச்சு வாங்கியது. எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒரு கால் சேற்றில் புதைந்து நாற்காலி சாய்ந்தது. அவர் அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நீ கேலி செய்யும் அவருடைய அந்தப் பாளையங்கோட்டைத் தெலுங்கில் பேசினார்.

"அவள் வேண்டாம் என்று சொன்னாள் சார். அன்றைக்குக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நீங்களும் இருந்தீர்கள்."

அவ்வளவுதான். அப்பா அந்த மாதத்தில் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

செக்ரட்டரி அங்கிள் செருவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நினைவு வந்ததா, அல்லது அப்பா சொன்னதற்காக ஒப்புக்கொண்டாரா, எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "மேடம் இருக்கும்போதும் என்னை எதையும் முடிக்க விட்டதில்லை" என்றார். சிரிக்கிற மாதிரி சொன்னார். பிறகு ஷாஹீன் ஆன்ட்டியிடம் சாய் மீதி இருக்கிறதா என்று கேட்டார். உட்கார இடமில்லை. யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டு வந்தார்கள். அப்புறம் இன்னும் சில நாற்காலிகள் வந்தன. எல்லோரும் வரவில்லை. சிலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், இன்னும் எங்களிடம் பேசுவதில்லை. செய்து வந்த டிபனை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். யாதகிரி ஜேசிபியைக் கரையில் கிடந்த பழைய சிமெண்டுக் கட்டிகளை அள்ளக் கொண்டுபோனார். மழைக்காலம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று செக்ரட்டரி அங்கிள் சொன்னார். அதனால் எதுவும் நிச்சயமாக முடிந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பிளெக்ஸை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அடித்தாகிவிட்டது. கடைசியில் கரையிலேயே இரண்டு கம்புகளுக்கு நடுவில் கட்டிவிட்டார்கள். இப்போது போனால், உன் சிரிப்பும் அதற்குக் கீழே 'நிறைவேறியது' என்ற எழுத்தும், பின்னால் அறுக்காத சம்பு ஆள் உயரத்துக்கு நிற்பதும் சேர்ந்து தெரியும். வாக்கிங் வருபவர்களில் புதிதாக யாராவது அதைப் படித்துவிட்டுக் குழம்பிப்போய் நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நேரத்தை ஷாஹீன் ஆன்ட்டி எனக்குக் கொடுத்துவிட்டார். "அம்மி கா டைம்" என்கிறார். நான் கணக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகிறேன், பத்தாம் வகுப்பு என்பதால். நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது. பின்னால் சரசரவென்று சத்தம் கேட்கும். நான் அடுத்த கணக்கைப் போடுவேன். அது பக்கவாட்டில் வரும் வரை தலையைத் தூக்க மாட்டேன். போன வாரம் பின்னாலேயே மூன்று குஞ்சுகளும் வந்தன. நான் பார்த்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், தெரியாது. பார்த்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கடைக்குப் போய்ச் சேமியா வாங்கி வந்தார்.

நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். கால்களைக் கழுவவில்லை.

சாயங்காலங்களில் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு நான் ஹாலில் உட்கார்ந்து படிக்கிறேன், என் முதுகு வாசலைப் பார்த்து இருக்கும். லிஃப்ட் நம் மாடியில் நிற்கும். கதவு திறக்கும். காலடிச் சத்தம் நடைபாதையில் வரும். அது அப்பா என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் நான் உடனே திரும்புவதில்லை.